நோட்டு இல்லாமல் மூன்று வாரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் நிறுவனத்தில் எல்லாருக்கும் தெரியும். புதிதாகச் சேருகிற ஆய்வாளர்களுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். சந்தனம், கற்கண்டு எல்லாம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே அவர்களுடைய நோட்டையும் பேனாவையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். பூட்டுகிற வேலை என்னுடையது. லேசில் கொடுப்பார்களா? எம்.ஃபில். முடித்து, தங்கப்பதக்கம் வாங்கி, சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு வருகிற பிள்ளைகள். "எதுக்குங்க மேடம்?" என்று இழுப்பார்கள். "கேள்வியெல்லாம் அப்பறம் கேக்கலாமுங்க, இப்பப் பேனாவக் குடுங்க" என்பேன். ஒரு வருஷம் ஒரு பையன் சாக்ஸுக்குள் ரீஃபிலை ஒளித்துக்கொண்டு போகப் பார்த்தான். அதையும் பிடுங்கி வைத்தேன்.

கோயம்புத்தூரில் அவினாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பழைய பஞ்சாலை பங்களாவில் எங்கள் அரசியல் ஆய்வு நிறுவனம் நடந்துவந்தது. நான் அங்கே அலுவலக மேலாளர். பேர்தான் பெரிசு. கடிதம் டைப் அடிப்பதிலிருந்து தண்ணீர் மோட்டார் போடுவது வரை என் தலையில்தான். என் படிப்பு பி.யூ.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும். பல்லடம் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பருத்தி போய்க் கோழிப்பண்ணை வந்துவிட்டது. அண்ணன் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு வந்துவிட்ட நான் தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஐந்தாறு புதிய ஆய்வாளர்கள் வருவார்கள். முதல் நாள் மதியம் வாழையிலையில் சாப்பாடு. இயக்குநர் உட்பட பழைய ஆட்கள் எல்லாரும் பரிமாறுவோம், புதியவர்கள்தான் முதல் பந்தி. பாயசம் முடிந்ததும் ஒரு எவர்சில்வர் டப்பா வரும். அதற்குள் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஊரின் பெயர். சீட்டில் வந்த ஊருக்குப் போய் மூன்று வாரம் உட்கார வேண்டும். நோட்டு கிடையாது, கேமரா கிடையாது, டேப் ரெக்கார்டர் கிடையாது. டீக்கடையில், ரேஷன் கடையில், மில் வாசலில், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். திரும்பி வந்து பெரிய ஹாலில், சமையல்காரர் முதல் அறங்காவலர்கள் வரை எல்லாரும் உட்கார்ந்திருக்க, கண்டதை மனசிலிருந்து சொல்ல வேண்டும். ஆள் பெயர் சொல்லக்கூடாது. காணாததைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தது தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இல்லாத ஒரு கோயில் சண்டையை ருசிக்காகச் சேர்த்துச் சொன்ன ஒரு பையனை, இயக்குநர் அன்று சாயந்தரமே ரயிலேற்றி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தச் சொல்லலில் தேறினால்தான் ஆய்வாளர் வேலை உறுதி. அதுவரை வந்தவர் வெறும் விருந்தாளி.

முதல் வருஷம் இதைப் பார்த்தபோது, இதென்னடா கூத்து என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பையன் மதுக்கரையைச் சொன்னான். சிமெண்டுத் தூசி படிந்த வேப்பிலையில் ஆரம்பித்து, ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கடையில் எந்த வரிசையில் உட்காருகிறார்கள், நிரந்தர ஆள் வந்ததும் கான்ட்ராக்ட் ஆள் எப்படி எழுந்து இடம் விடுகிறான் என்பது வரை, இரண்டு மணி நேரம். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அடேயப்பா! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவும் ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டாள். அரசியல் என்றால் கொடி, மைக்கு, ஓட்டு என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு மனுசன் பெஞ்சை விட்டு எழுந்திருப்பதும் அரசியல்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து அந்த ஹாலுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

டப்பாவுக்குச் சீட்டு எழுதுவதும் நான்தான். அந்த வருஷம், பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது, பெண்களுக்குத் தனி இடங்கள் உண்டு என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. எனக்கும் ஓர் ஆசை வந்தது. என் ஊரையும் இந்த ஹாலில் யாராவது சொல்லிக் கேட்க வேண்டும். பிறந்த ஊரின் பெயரை எழுதி, மடித்து, டப்பாவில் போட்டேன். ஆய்வாளர்கள் தங்குவதற்கு அந்தந்த ஊரில் ஒரு வீட்டுக்கு நான் கடிதம் எழுதி ஏற்பாடு செய்வது வழக்கம். என் ஊருக்கு வீட்டைத் தேடுவானேன்? அண்ணன் வீட்டு மாடி அறை இருக்கிறது. அண்ணி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தால் மெட்ராஸ்காரப் பிள்ளைகள் மூன்று வாரத்தில் நாலு கிலோ ஏறிவிடுவார்கள். இப்படியெல்லாம் கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒரு பெண் மட்டும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாள். சின்ன உருவம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய ஜடை, தோளில் ஒரு துணிப்பை. நோட்டைக் கேட்டதும் எதிர்க்கேள்வி கேட்காமல் எடுத்து நீட்டியவள் அவள் ஒருத்திதான். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"வாங்க கண்ணு. எந்த ஊருங்க?"

"ஆனைமலைக்குப் பக்கமுங்க அக்கா."

"அப்படிங்களா! ஆனைமலையில எந்தத் தோட்டமுங்க? யாரு ஊட்டுப் பொண்ணு?"

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நேராகச் சாதி கேட்க மாட்டோம். நாங்கள் அவ்வளவு மரியாதைக்காரர்கள். ஊரைக் கேட்போம். அப்புறம் தோட்டத்தைக் கேட்போம். அப்புறம் குலதெய்வம். மூன்றாவது கேள்விக்குள் எல்லாம் தெரிந்துவிடும், கேட்டவர் முகத்தில் சிரிப்பும் மாறாது. அந்தப் பெண் எனக்கு மூன்றாவது கேள்வி வரை வேலை வைக்கவில்லை.

"தோட்டமெல்லாம் இல்லைங்க அக்கா. எங்கப்பா அம்மா தென்னந்தோப்புல கூலிக்குப் போறாங்க. நாங்க காலனிங்க."

குரலில் கூச்சமும் இல்லை, வீம்பும் இல்லை. பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னாள். நான்தான், "அதனாலென்னங்க கண்ணு, அதனாலென்னங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை சொன்னாலே அதிகம்.

சாப்பாடு முடிந்து டப்பா வந்தது. அவள் கையை விட்டு எடுத்த சீட்டை என்னிடம் நீட்டினாள், நான் உரக்கப் படிக்க வேண்டும். பிரித்தேன். என் ஊர். அண்ணன் வீட்டு மாடியில் இவளா? அண்ணி நடைப் படியையே தாண்ட விடமாட்டாளே! எப்படியோ வாசித்துவிட்டேன். வாசித்த குரல் என் குரல் மாதிரியே இல்லை.

எல்லாரும் கை கழுவப் போனபோது அவளைத் தனியாகப் பிடித்தேன். "ஏனுங்க கண்ணு, அந்த ஊருக்குப் பஸ் வசதி பத்தாதுங்க. தண்ணிக் கஷ்டம் வேற. நா வேற சீட்டு எடுத்துத் தாரேன். இயக்குநருக்குத் தெரிய வேண்டாமுங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அது உங்க ஊருங்களா அக்கா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கண்டுபிடித்துவிட்டாளே என்ற கோபம்தான், வேறென்ன? "ஆமாங்க, அதுக்கென்ன இப்ப?"

"சீட்டு எனக்கு வந்ததுதானுங்களே. நானே போறேனுங்க" என்றாள். ஒரு சொல் கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. நல்லதுக்குச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாளே, எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு நகர்ந்தேன்.

மற்ற ஐந்து ஊர்களுக்கும் தங்க இடம் கேட்டு அன்றே கடிதம் அடித்துப் போட்டேன். என் ஊருக்கு மட்டும் யாருக்கும் எழுதவில்லை. அண்ணனுக்கு எழுத முடியாது. வேறு யாருக்கு எழுதினாலும் அண்ணன் காதுக்குப் போய்விடும். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்பின் தெரியாத ஊருக்கு, தங்க ஓர் இடம்கூட இல்லாமல், ஒரு வயசுப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று வாரமும் போன் அடித்தால் பதறுவேன். மோட்டார் போட்டுவிட்டு நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பி வழிந்து, தோட்டக்காரரிடம் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன். நான் பேச்சு வாங்கியதை நிறுவனமே அதிசயமாகப் பார்த்தது.

சொல்லும் நாள் வந்தது. ஜமுக்காளம் விரித்த ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். முன்வரிசை நாற்காலிகளில் இயக்குநரும், உறுதி ஆணையில் கையெழுத்துப் போடுகிற அறங்காவலரும். அறங்காவலர் பஞ்சாலைக் குடும்பத்துப் பெரிய மனிதர். ஒரு சின்னப் பையனைக்கூட வா, போ என்று சொல்ல மாட்டார். அவள் நான்காவதாக எழுந்தாள். மூன்று வாரத்தில் நன்றாகக் கறுத்திருந்தாள். விசைத்தறிக்குப் போகிற ஒரு குடும்பம் காலனியில் அவளுக்கு இடம் கொடுத்ததாம். அதைச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"காலையில ஆறரை பஸ்ஸுல எறங்குனேனுங்க" என்று ஆரம்பித்தாள். என்னத்தைச் சொல்ல! பத்து நிமிஷத்தில் எங்கள் ஊர் அந்த ஹாலுக்குள் வந்து நின்றது. டீக்கடையில் பெஞ்சில் உட்காருகிறவர் யார், பெஞ்சு காலியாகவே இருந்தாலும் வேலியோரம் குத்துக்காலிட்டு உட்காருகிறவர் யார். தறிச் சத்தம் நின்றதும் பெண்கள் இரண்டு வேலிக்கு நடுவே போகிற எந்த இட்டேரி வழியாக வீட்டுக்குப் போகிறார்கள், எதிரே மோட்டார் பைக் வந்தால் வேலிமுள்ளில் சேலை மாட்டுகிற அளவுக்கு யார் ஒதுங்குகிறார்கள், யார் ஒதுங்குவதில்லை. ஊர்த் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் காலனிக் குழாயில் தண்ணீர் வரும், அதனால் அங்கே சமையல் எப்போதும் மத்தியானம் தாண்டித்தான். தேர்தலில் பெண்கள் தொகுதி வந்தால் யார் வீட்டு மருமகளை நிறுத்துவது என்று ஆண்கள் எட்டு பேர் பேசி முடித்துவிட்டார்கள், அந்த மருமகளிடம் மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. எட்டு பேரின் குரலும் அவள் தொண்டையிலிருந்து வந்தது. அதில் ஒருவர் இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஐயோ, என் சித்தப்பா! இருபத்திரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தவள் நான். காலனிக் குழாய் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு காகிதம் இல்லாமல், ஒரு நோட்டு இல்லாமல், என் ஊரை இவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நாளு, மயிலு வெச்ச பச்சைக் கேட்டுப் போட்ட ஊட்டுக்குப் போனேனுங்க" என்றாள்.

அந்தக் கேட்டுக்கு அண்ணன் திருப்பூரில் ஆள் பிடித்து இரும்பில் மயில் செய்து வைத்தார். ஊரில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது.

"பஞ்சாயத்துத் தேர்தலப் பத்திப் பேசலாம்னு போனேனுங்க. கோழித் தீவன மூட்டை அடுக்கியிருந்த வராண்டாவுக்கு வெளிய நின்னேன். அந்த ஊட்டம்மா, 'வாங்க கண்ணு, இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?'ன்னாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன். யாரு ஊட்டுப் பொண்ணுன்னு கேட்டாங்க, சொன்னேன். தண்ணி கேட்டேனுங்க. பித்தளைச் சொம்புல கொண்டாந்தாங்க. சொம்பத் தரலைங்க. 'கையக் குவிச்சுக்குங்க கண்ணு'ன்னு மேல இருந்து ஊத்துனாங்க. நா குடிக்கக் குடிக்க, 'மெதுவாக் குடிங்க கண்ணு, பொரை ஏறிக்கும்'னு சொல்லிட்டே ஊத்துனாங்க. வந்தப்ப எத்தன மரியாதையோ ஊத்தறப்பவும் அத்தன மரியாதைங்க. ஒரு 'ங்க' கொறையலைங்க."

அண்ணியின் குரல் அப்படியே, அந்த இழுவையோடு, எங்கள் எல்லார் காதிலும் நின்றது.

அறங்காவலர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, குறுக்க பேசறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சுங்க. இந்தக் காலத்துல, அதுவும் இவ்வளவு மரியாதையாப் பேசற ஒரு ஊட்டுல, கையில தண்ணி ஊத்துவாங்களா? எங்கியோ படிச்சத இங்க கொண்டாந்து சேத்துப்போட்டீங்கன்னு தோணுதுங்க."

"பாத்ததுதானுங்க" என்றாள்.

"அப்ப எந்த ஊடு, யாருன்னு சொல்லுங்க. ஆளவுட்டு விசாரிச்சுக்கறோம்."

"பேரு சொல்லக் கூடாதுன்னு விதிங்க."

அவர் தன் முன்னால் இருந்த தாளில் ஏதோ எழுதினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பையனை ரயிலேற்றி அனுப்பிய அன்றும் இப்படித்தான் துடைத்தார். போச்சு. மூன்று வாரத்துப் பாடு, அதற்கு முன்னால் அந்தத் தென்னந்தோப்பில் இரண்டு பேர் பட்ட இத்தனை வருஷத்துப் பாடு, எல்லாம் அந்தத் தாளில் போகப்போகிறது.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அது என் ஊர் என்று அவளுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் இந்த நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தால், 'எங்க நாத்தனாரும் அங்கதானுங்க' என்று சொல்லாமல் இருக்க அண்ணியால் முடியாது. ஆக, அது யார் வீடு என்றும் தெரியும். சாட்சி பத்தடி தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பார்வை பார்த்தால் போதும். வேலையே போகிற நேரத்திலும் அவள் அந்த ஒரு பார்வையைப் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு பெண்ணா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. கூடவே என் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, என் ஆயுசில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

எழுந்து நின்றேன். கால் மரத்திருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு சேத்துச் சொல்லலைங்க. அது நடந்ததுங்க."

அறங்காவலர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கெப்படிங்க தெரியும்?"

"அது எங்கண்ணன் ஊடுங்க. அந்தச் சொம்புல நானே ஊத்தியிருக்கறேனுங்க. தோட்டத்துக்கு வேலைக்கு வாரவங்களுக்கு, கல்யாணமாகிப் போற வரைக்கும் நாந்தான் ஊத்துவேன். கண்ணு, கண்ணுன்னு சொல்லிட்டேதானுங்க ஊத்துவேன்."

சொல்லி முடித்ததும் முகமெல்லாம் எரிந்தது. பதினெட்டு வருஷமாக நான் அதட்டி வேலை வாங்கிய அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அறங்காவலர் பேனாவை எடுத்துத் தான் எழுதியதை அடித்தார். "மன்னிச்சுக்குங்க அம்மணி" என்று அவளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. அன்று சாயந்தரம் அவளுடைய உறுதி ஆணையை நான் டைப் அடித்தேன். எழுத்து மாறி மாறி விழுந்து மூன்று தாள் வீணாகி, நாலாவது தாள்தான் சரியாக வந்தது. அண்ணன் காதுக்கு விஷயம் போய், அந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு, எங்கள் நோம்பிக்கு, எனக்கு அழைப்பு வரவில்லை. அதெல்லாம் அப்புறம்.

அப்போது ஹாலில் இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்றார்.

அவள் அதுவரை நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. நோட்டைக் கேட்டபோது பார்த்த அதே பார்வை.

"அஞ்சாம் நாளும் அதே ஊட்டுக்குத்தானுங்க போனேன்" என்றாள். "கையில ஒரு டம்ளர் எடுத்துட்டுப் போனேன்."

நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன்.